டிம் டாம் சொந்தச் சரக்கா, காப்பியா? (சண்டைக்குத் தயாரானவர்கள் மட்டும்)

பெண்டிகோ மாமா | சனி, காலை 7:10

ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்களுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று ஒரு புது உறுப்பினர் நேற்றுக் கேட்டிருந்தார். அதற்கு நம் டிம்டாம் தாசன் அருளிய பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் ஒட்டுகிறேன்: "டிம் டாம் வாங்குங்க. ஆஸ்திரேலியாக்காரன் சொந்தமாக் கண்டுபிடிச்ச உருப்படியான தீனி அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் மாட்டுத் தீவனம்."

மாட்டுத் தீவனம் என்றதைக்கூட மன்னித்துவிடலாம். "சொந்தமா" என்றாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாசன் தம்பி, கேட்டுக்கொள்ளுங்கள். 1958-இல், டிம் டாம் பிஸ்கட் செய்யும் ஆர்னட்ஸ் கம்பெனியின் இயான் நாரிஸ் இங்கிலாந்து போனார். அங்கே பெங்குயின் பிஸ்கட்டைத் தின்றார். இரண்டு பிஸ்கட், நடுவில் சாக்லேட் கிரீம், மேலே சாக்லேட் பூச்சு. இதைவிட நல்லதாக ஒன்று செய்துவிடலாம் என்று திரும்பி வந்தார். 1964-இல் டிம் டாம் கடைக்கு வந்தது. பெங்குயினோ 1932-இலேயே கிளாஸ்கோவில் பிறந்துவிட்டது. பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதியவனுக்கு மாலை போடுகிறீர்கள்.

பெயராவது சொந்தமா? அதுவும் இல்லை. 1958-இல் அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி ஜெயித்த குதிரையின் பெயர் டிம் டாம். பந்தயம் பார்க்கப் போன, ஆர்னட்ஸ் கம்பெனிக் குடும்பத்து ராஸ் ஆர்னட்டுக்கு அது பிடித்துப்போனது. ஆக, பிரிட்டிஷ் பிஸ்கட், அமெரிக்கக் குதிரை. இதில் ஆஸ்திரேலியா எங்கே ஐயா இருக்கிறது?

இந்த நாட்டின் உண்மையான தீனி, எண்ணெயில் பொரித்துத் தரும் சிக்கோ ரோல். எங்கள் பெண்டிகோவில் பாய்லர் வேலை பார்த்த ஃபிராங்க் மெக்கென்க்ரோ உருவாக்கியது. 1951-இல் வாகா வாகா விவசாயக் கண்காட்சியில் முதல் விற்பனை. ஒரு கையில் பியர், மறு கையில் சிக்கோ. ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) மைதானத்தில் தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம்.

டிம்டாம் தாசன் | சனி, காலை 8:02

மாமா, விடிந்ததும் விடியாததுமாக என் பெயரில் இழையா? நன்றி.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "இதைவிட நல்லதாக" என்று. அதற்குப் பெயர் காப்பி இல்லை, முன்னேற்றம். பெங்குயினை நீங்கள் தின்றிருக்கிறீர்களா? நான் லண்டனில் தின்றிருக்கிறேன். சாக்லேட் பூச்சு பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், கிரீமைத் தேட வேண்டும். டிம் டாமின் மால்ட் வாசனை அதில் வருமா?

அப்புறம், ஸ்லாம். எதிரெதிர் மூலைகளைச் சின்னதாகக் கடித்துவிட்டு, ஒரு மூலையைச் சூடான காபியில் வைத்து மறு மூலையிலிருந்து உறிஞ்ச வேண்டும். காபி நாக்கைத் தொட்ட அடுத்த நொடி உள்ளே இருக்கும் பிஸ்கட் இளகிவிடும். அப்போதே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், யோசித்தால் கப்புக்குள் விழுந்துவிடும். ஒரு தேசமே இதைச் செய்கிறது. பெங்குயினுக்கு இப்படி ஒரு சடங்கு உண்டா?

சிக்கோ ரோலைப் பற்றி நான் எழுதவே வேண்டாம். ரிச்மண்ட் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே சீன ரோல் விற்றதைப் பார்த்துத்தானே உங்கள் பெண்டிகோக்காரர் அதைச் செய்தார்? அதற்கு என்ன பெயர் மாமா?

பெண்டிகோ மாமா | சனி, காலை 8:15

பேச்சை மாற்றாதீர்கள். 1958-இல் நாரிஸ் பெங்குயினைத் தின்றாரா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

சைவப்பூனை | சனி, காலை 8:40

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். முதலில் தீனி என்று எதைச் சொல்கிறோம்? பாக்கெட்டில் வருவதா, கடையில் சுடச்சுடப் பொரித்துத் தருவதா, கேக் உண்டா? ஆஸ்திரேலியத் தீனி என்றால் இங்கே பிறந்ததா, இங்கே செய்வதா, இங்குள்ள கம்பெனியுடையதா? இதைத் தீர்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

பிரிஸ்பேன் பாலு | சனி, காலை 8:52

இரண்டு பேரும் ஒதுங்குங்கள். லாமிங்டன் இருக்கும்போது பிஸ்கட்டுக்கும் பொரித்த ரோலுக்கும் இங்கே என்ன வேலை? பஞ்சு கேக்கைச் சதுரமாக வெட்டி, சாக்லேட் பாகில் முக்கி, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுத்தால் லாமிங்டன். யாரையும் பார்த்து அடித்த காப்பி இல்லை. குயின்ஸ்லாந்து ஆளுநராக 1896 முதல் 1901 வரை இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் வழங்குவது. பள்ளிக்கூடமோ சாரணர் படையோ பணம் திரட்ட வேண்டுமென்றால் இந்த ஊரில் இன்றைக்கும் லாமிங்டன்தான் விற்கிறார்கள். டிம் டாம் விற்றுக் கூரை போட்ட பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொரு கொசுறு. அதே லாமிங்டன் 1903-இல் பம்பாய் ஆளுநராகப் போனார். எலெக்ட்ரானிக் சாமான் வாங்க மும்பைக்காரர்கள் போகிறார்களே லாமிங்டன் ரோடு, அது இவர் பெயர்தான்.

அடிலெய்டு அக்கா | சனி, காலை 9:20

பாலு, அந்த லாமிங்டன் பிரபு 1940-இல் லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் பஞ்சாப் முன்னாள் கவர்னர் ஓ'ட்வையரைச் சுட்டபோது பக்கத்தில் இருந்து கையில் குண்டடி பட்டவர். ஆளைப் புகழ்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் படிக்கவும்.

பிரிஸ்பேன் பாலு | சனி, காலை 9:24

நான் கேக்கைப் புகழ்ந்தேன் அக்கா. ஆளை இல்லை.

பெண்டிகோ மாமா | சனி, காலை 9:31

உத்தம் சிங்குக்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். 1958. நாரிஸ். பெங்குயின். தாசனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்பதைச் சபை கவனிக்கட்டும்.

டிம்டாம் தாசன் | சனி, காலை 9:58

மாமா, நான் சனிக்கிழமை பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போகிறவன். உங்களைப் போல ஓய்வூதியத்தில் இல்லை.

சரி, நாரிஸ் பெங்குயின் தின்றார். தின்றால் என்ன? உங்கள் மெக்கென்க்ரோ சீன ரோலைத் தின்றார். அதன் மாவை முரட்டுத்தனமாகத் தடிமனாக்கி, இரண்டு முனையையும் மூடி, உள்ளே முட்டைக்கோஸும் பார்லியும் திணித்தார். ஸ்பிரிங் ரோலுக்கு அழகே அந்த மொறுமொறு ஓடுதான். அதை எடுத்துவிட்டு டிராக்டர் டயர் போட்டார்.

பெண்டிகோ மாமா | சனி, காலை 10:06

"நாரிஸ் பெங்குயின் தின்றார்." தாசன் கைப்பட எழுதியது. பதிவு செய்துகொள்கிறேன். நீக்கிவிடப் போகிறார், படம் பிடித்து வைத்துவிட்டேன்.

மாவு ஏன் தடிமன் என்று தெரியாமல் பேசக்கூடாது. கூட்டத்தில் இடிபட்டாலும் பிய்யாமல் இருக்கவே அப்படி. சீன ரோலை மைதானத்தில் வைத்துச் சாப்பிட முடியாது, கை பட்டதும் நொறுங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் அவர் புதிதாக யோசித்தார். குறுகலான காகிதப் பையில் நட்டுக்குத்தாக நிறுத்தி, மேல்முனையைக் கடித்ததும் உள்ளே இருந்து மிளகுக் காரத்தோடு ஆவி வரும். மெல்பன் குளிரில், ஜூலை மாதம், கடைசிக் குவார்ட்டர் ஆட்டத்தில் அதைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பிறர் பொருளைத் தேவைக்கேற்ப மாற்றுவதற்குப் பெயர் கண்டுபிடிப்பு.

டிம்டாம் தாசன் | சனி, காலை 10:11

"பிறர் பொருளைத் தேவைக்கேற்ப மாற்றுவதற்குப் பெயர் கண்டுபிடிப்பு." மாமா கைப்பட எழுதியது. நானும் படம் பிடித்து வைத்துவிட்டேன்.

பெண்டிகோ மாமா | சனி, காலை 10:13

இரண்டும் ஒன்றல்ல.

டிம்டாம் தாசன் | சனி, காலை 10:14

எப்படி?

பெண்டிகோ மாமா | சனி, காலை 10:15

ஒன்றல்ல என்றால் ஒன்றல்ல. மெக்கென்க்ரோ வடிவத்தையே மாற்றினார். நாரிஸ் எதை மாற்றினார்? இரண்டு பிஸ்கட், நடுவில் கிரீம், மேலே சாக்லேட். இரண்டு பிஸ்கட், நடுவில் கிரீம், மேலே சாக்லேட். இரண்டு வாக்கியத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடியுங்கள்.

டாண்டினோங் பெடியன் | சனி, பகல் 11:30

அண்ணைமார் இரண்டு பேருக்கும் வணக்கம். நான் இங்கே பள்ளிக்கூடம் படித்து வளர்ந்தவன். எங்கட காலத்தில் பெடியள் மத்தியானம் டிம் டாமும் தின்னவில்லை, சிக்கோவும் தின்னவில்லை. ட்விஸ்டீஸ் நொறுக்கு, இல்லாவிட்டால் ஷேப்ஸ் என்கிற உப்பு பிஸ்கட். ஷேப்ஸ் என்றால் பார்பிக்யூ சுவை. பெட்டியின் அடியில் மிஞ்சுகிற அந்தச் சிவப்புத் தூளை விரலால் ஒற்றி எடுத்து நக்காதவன் ஆஸ்திரேலியனே இல்லை.

2016-இல் ஆர்னட்ஸ்காரர் "புதுச்சுவை" என்று ஷேப்ஸைக் கெடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சனம் கொதித்துப்போய் அவர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுத் தாக்கியது. பிறகு பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டிம் டாமுக்கு இப்படிச் சனம் எழும்பியதா?

அடிலெய்டு அக்கா | சனி, பகல் 11:47

சிக்கன் கிரிம்பியை விட்டுவிட்டீர்களே தம்பி. ஷேப்ஸிலேயே அதுதான் ராணி.

டாண்டினோங் பெடியன் | சனி, பகல் 11:49

அக்கா, உங்களை மதிக்கிறேன். ஆனால் சிக்கன் கிரிம்பி எடுக்கிறவர்களோடு ஒரு மேசையில் இருக்க முடியாது. மேலே தூளே இல்லாத வெறும் பிஸ்கட்.

அடிலெய்டு அக்கா | சனி, மதியம் 12:05

கையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு சோபாவில் துடைக்கிற கூட்டத்துக்கு அந்த அருமை எப்படித் தெரியும்.

நிஜமான பதில் வேண்டுமென்றால் நான் தருகிறேன். வயலட் கிரம்பிள். 1913-இலிருந்து இருக்கிறது. உள்ளே தேன்கூடு மாதிரி மிட்டாய், வெளியே சாக்லேட். பாக்கெட்டோடு மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் சில்லுச்சில்லாகச் சிதறும். பிரிட்டிஷ்காரன் இதே மாதிரி கிரஞ்சி போட்டது 1929-இல். மாமா, உங்கள் காப்பிக் கணக்கின்படி இதில் யார் யாரைப் பார்த்து எழுதியது? வருஷத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இப்போது அது எங்கள் அடிலெய்டில், ராபர்ன் மென்ஸ் கம்பெனி கையில். 2018-இல் நெஸ்லேயிடமிருந்து வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

டாண்டினோங் பெடியன் | சனி, மதியம் 12:20

ஊருக்கா? ஏபெல் ஹோட்லி அதைச் செய்தது மெல்பனில். அடிலெய்டுக்கு அது வந்தது நேற்று. எங்கட பிள்ளையை நீங்கள் தத்தெடுத்துவிட்டு, பெற்றதும் நாங்கள்தான் என்கிறீர்கள்.

அடிலெய்டு அக்கா | சனி, மதியம் 12:26

பெற்று வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டீர்களே. மீட்டு வந்தது யார்?

பெண்டிகோ மாமா | சனி, மதியம் 12:40

அக்கா நல்ல வேளையாக அந்தப் பேச்சை எடுத்தார். ஆர்னட்ஸ் யாருடையது? 1997-இல் அமெரிக்க கேம்ப்பெல் சூப் கம்பெனி முழுசாக வாங்கியது. 2019-இல் கேகேஆர் என்ற இன்னொரு அமெரிக்க முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றது. ஆக, தாசன் ஊருக்குத் தூக்கிப்போகும் பாக்கெட்டில் இருப்பது பிரிட்டிஷ் யோசனை, அமெரிக்கக் குதிரை, அமெரிக்க முதலாளி. கங்காரு படம் போட்ட பையில் போட்டால் ஆஸ்திரேலியப் பொருள் ஆகிவிடுமா?

ரொட்டியில் தடவும் வெஜிமைட்டைப் பாருங்கள். 1923-இல் மெல்பனில் சிரில் காலிஸ்டர் செய்தது. அதுவும் ரொம்ப நாள் வெளிநாட்டுக்காரன் கையில்தான் இருந்தது. ஆனால் 2017-இல் பேகா கம்பெனி திரும்ப வாங்கிவிட்டது. மானமுள்ள ஜாடி.

டிம்டாம் தாசன் | சனி, மதியம் 12:58

மாமா, சிக்கோ ரோல் இப்போது யாருடையது?

பெண்டிகோ மாமா | சனி, மதியம் 1:03

நாம் பேசுவது டிம் டாமைப் பற்றி.

டிம்டாம் தாசன் | சனி, மதியம் 1:04

சிம்ப்ளாட். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்குக் கம்பெனி. மானமுள்ள ரோல்!

பிரிஸ்பேன் பாலு | சனி, மதியம் 1:06

😂😂 லாமிங்டனுக்கு முதலாளியே கிடையாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பெண்டிகோ மாமா | சனி, மதியம் 1:30

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிக்கோ ரோல் பிறந்தபோது அமெரிக்கன் பக்கத்திலேயே இல்லை. டிம் டாமோ பிறக்கும்போதே காப்பி. பிறப்பைப் பற்றித்தான் பேச்சு. சிக்கோ அதன் உச்சத்தில் வருஷத்துக்கு 4 கோடி விற்றது தெரியுமா? அன்றைக்கு இந்த நாட்டின் ஜனத்தொகை எவ்வளவு என்று போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்து நிற்கும் பெண்ணின் விளம்பரப் படம் ஒட்டாத மீன்-சிப்ஸ் கடையே கிடையாது.

(அந்தப் படங்களைப் பற்றிப் புகார் எழுதப்போகும் சகோதரிகளுக்கு: நான் ஒட்டவில்லை.)

சைவப்பூனை | சனி, மதியம் 1:52

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, பழகிவிட்டது.

ஆனால் சிக்கோ ரோல் புராணம் பாடும் மாமாவுக்கு ஒன்று. சங்கத்துத் தீபாவளி விருந்துக்கு "காய்கறி ரோல்" என்று சொல்லி ஒரு பெரிய தட்டு கொண்டுவந்து வைத்தீர்களே, அதில் மாட்டிறைச்சி இருப்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? முட்டைக்கோஸ், காரட் என்று வாய் நிறையச் சொன்னீர்கள். அன்றைக்கு எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

பிரிஸ்பேன் பாலு | சனி, மதியம் 1:55

ஐயையோ.

டாண்டினோங் பெடியன் | சனி, மதியம் 1:56

இந்த இழை இப்பதான் சூடு பிடிக்கிறது.

பெண்டிகோ மாமா | சனி, மதியம் 2:20

அது பழைய கதை. தட்டில் சீட்டு எழுதி வைத்திருந்தேன், யாரோ எடுத்துவிட்டார்கள். யார் என்றும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நானும் பெயர் சொல்ல மாட்டேன். அதே விருந்தில் "முட்டை இல்லாத கேக்" என்று ஒருவர் லாமிங்டன் கொண்டுவந்தாரே, அதை ஏன் யாரும் விசாரிக்கவில்லை?

பிரிஸ்பேன் பாலு | சனி, மதியம் 2:23

என்னை எதற்கு இழுக்கிறீர்கள்? முட்டை இல்லாமல் பஞ்சு கேக் வருமா என்று கேட்டவர்களுக்கு வரும் என்று சொன்னேன். நான் கொண்டுவந்தது அப்படிச் செய்தது என்று சொல்லவே இல்லை.

சைவப்பூனை | சனி, மதியம் 2:25

இது அதைவிட மோசம் பாலு.

ஊருக்குப் போறவன் | சனி, மாலை 4:10

எல்லோருக்கும் வணக்கம். அந்தக் கேள்வியைக் கேட்ட புது உறுப்பினர் நான்தான். செவ்வாய்க்கிழமை விமானம். மதுரைக்குப் போகிறேன், இப்போது அங்கே கத்திரி வெயில். டிம் டாம் உருகிவிடும் என்கிறார்கள். சிக்கோ ரோல் எடுத்துப்போக முடியாது என்று நானே புரிந்துகொண்டேன். வேறு என்ன வாங்கலாம்? அம்மா சைவம்.

பெண்டிகோ மாமா | சனி, மாலை 4:18

நல்ல கேள்வி தம்பி. விரிவாகப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1958-இல் இயான் நாரிஸ் என்பவர் இங்கிலாந்துக்குப் போய்...

டிம்டாம் தாசன் | சனி, மாலை 4:21

கடவுளே.

ஊருக்குப் போறவரே, உருகினால் உருகட்டும். உருகிய டிம் டாமை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் மறுபடி இறுகிவிடும். நான் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் சாப்பிடுவேன். ஒரு பாக்கெட்டில் 11 இருக்கும். அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று என்று பிரிப்பது கஷ்டம், அதனால் ஐந்தாறு பாக்கெட்டாக எடுங்கள்.

அடிலெய்டு அக்கா | சனி, மாலை 4:30

ஃப்ரிட்ஜிலா? டிம் டாமையா? காலையிலிருந்து உங்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தேன் தாசன், இதோடு சரி. ஜில்லென்று இருந்தால் கிரீம் கட்டியாகி மெழுகைக் கடிப்பதாக இருக்கும்.

டிம்டாம் தாசன் | சனி, மாலை 4:33

அக்கா, இங்கே ஜனவரியில் 40 டிகிரி. அலமாரியில் வைத்தால் 11-ம் ஒட்டி ஒரே பிஸ்கட் ஆகிவிடும்.

டாண்டினோங் பெடியன் | சனி, மாலை 4:41

சிட்னிக்காரர் இதைத்தான் செய்வார்கள். அதோடு, ஏன் 11? பன்னிரண்டாக வைத்திருந்தால் இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர் எல்லோரும் சண்டையில்லாமல் பங்கு போடலாம். மனிசியும் நானும் ஐந்து ஐந்து தின்றபின் மிஞ்சுகிற அந்த ஒன்றால் எங்கட வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

பெண்டிகோ மாமா | சனி, மாலை 4:50

பன்னிரண்டாவது பிஸ்கட்டை நன்றிக்கடனாகப் பெங்குயினுக்கு அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

பிரிஸ்பேன் பாலு | சனி, மாலை 4:52

மாமா, இது நல்லா இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

மட்டுறுத்துனர் | சனி, மாலை 5:15

உறுப்பினர்கள் கவனத்துக்கு. 2018-இல் பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடை வாசலில் விற்கும் சாசேஜுக்கு வெங்காயத்தை மேலே வைக்காமல் அடியில் வைக்கச் சொன்னபோது (கீழே விழுந்த வெங்காயத்தில் ஜனங்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று) இந்தக் குழுவில் நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இழையைப் பூட்ட வேண்டியதாயிற்று. இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தீபாவளித் தட்டு விவகாரத்தைத் தனி மடலில் வைத்துக்கொள்ளவும்.

டாண்டினோங் பெடியன் | சனி, மாலை 5:20

வெங்காயம் மேலேதான்.

அடிலெய்டு அக்கா | சனி, மாலை 5:21

அடியில்தான். ரொட்டியும் ஊறும், சாசும் வழியாது.

மட்டுறுத்துனர் | சனி, மாலை 5:22

எச்சரிக்கிறேன்.

பெண்டிகோ மாமா | சனி, மாலை 6:05

மட்டுறுத்துனருக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பை விட்டு விலகுவது நான் அல்ல. இந்த இழையில் காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். லாமிங்டன் பிரபுவை அழைத்து வந்தது பாலு. முதலாளிக் கணக்கைத் தொடங்கி வைத்தது அக்கா. தீபாவளித் தட்டு யார் என்று சொல்லத் தேவையில்லை. "சொந்தமா" என்ற பொய்யைத் தாசன் திரும்பப் பெறும்வரை நான் எழுதத்தான் செய்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாசன் என்னை ஓய்வூதியக்காரன் என்று குத்திக்காட்டியதைக் கவனித்தேன். ஃபில்டர் காபிப் பொடியில் சிக்கரி எவ்வளவு என்று ஒரு விவாதம் நடந்ததே, அதில் தோற்றதிலிருந்து அவருக்கு என் மேல் ஒரு கண்.

டிம்டாம் தாசன் | சனி, மாலை 6:31

சிக்கரி விவாதத்தில் நான் தோற்கவில்லை. நீங்கள் தூங்கப் போய்விட்டீர்கள்.

"சொந்தமா" என்பதை எதற்குத் திரும்பப் பெற வேண்டும்? இன்னொரு முறை எழுதுகிறேன், பெரிய எழுத்தாக நினைத்துப் படித்துக்கொள்ளுங்கள்: டிம் டாம் ஆஸ்திரேலியாக்காரனின் சொந்தத் தீனி. லண்டனிலிருந்து வருகிற என் மச்சான் அவன் ஊர் பெங்குயினை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. திரும்பிப் போகும்போது பெட்டி நிறைய டிம் டாம் எடுத்துப்போகிறான். காப்பியை வாங்க ஒரிஜினல் ஊர்க்காரன் ஏன் மாமா கடல் கடந்து வரவேண்டும்?

பெண்டிகோ மாமா | சனி, மாலை 6:40

உங்கள் மச்சானின் ரசனை சரித்திர ஆவணம் ஆகாது. 1958.

டிம்டாம் தாசன் | சனி, மாலை 6:41

1951. ஸ்பிரிங் ரோல்.

பெண்டிகோ மாமா | சனி, மாலை 6:42

1958.

சைவப்பூனை | சனி, இரவு 7:30

@ஊருக்குப் போறவன், இவர்களை நம்பினால் விமானத்தை விட்டுவிடுவீர்கள். அம்மாவுக்கு ஆன்சாக் பிஸ்கட் வாங்குங்கள். ஓட்ஸ், மைதா, சர்க்கரை, தேங்காய்த் துருவல், வெண்ணெய், கோல்டன் சிரப், சோடா உப்பு. முட்டை கிடையாது. சாக்லேட் இல்லாததால் மதுரை வெயிலில் உருகவும் உருகாது. இரண்டு பெரிய டப்பா எடுத்தால் போதும், சீக்கிரம் கெடாது. ஜெல்லி மிட்டாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள், பலதில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கும்.

ஊருக்குப் போறவன் | சனி, இரவு 7:44

ரொம்ப நன்றி அக்கா. மொறுமொறுப்பா வாங்கணுமா, மெத்தென்று இருப்பதா? கடையில் இரண்டும் இருக்கிறது.

சைவப்பூனை | சனி, இரவு 7:46

மொறுமொறுப்புதான். அதில் என்ன சந்தேகம்?

பிரிஸ்பேன் பாலு | சனி, இரவு 7:47

என்னது? ஆன்சாக் என்றால் நடுவில் மெத்தென்று இழுக்க வேண்டும். மொறுமொறுப்பானது ஓட்டு வில்லை.

அடிலெய்டு அக்கா | சனி, இரவு 7:49

பாலு சொல்வதுதான் சரி.

டாண்டினோங் பெடியன் | சனி, இரவு 7:50

மொறுமொறுப்புத்தான். தேத்தண்ணியில் தோய்க்கிறதற்கு வேறு எது சரிவரும்? மெத்தென்றதை வாங்கிக்கொண்டு போனால் அம்மா பழசு என்று நினைப்பார்.

பெண்டிகோ மாமா | சனி, இரவு 8:02

சாப்பிட்டுவிட்டு வருகிறேன். ஆன்சாக் பிஸ்கட்டைப் பற்றி இங்கே எழுதப்பட்டவை பெரும்பாலும் தவறு. யாரும் தூங்கப் போய்விட வேண்டாம்.